யார் சொன்னது?

லண்டன் மாநகரின் போர்ட்லண்ட் பிளேஸ் வீதியில், கப்பலின் முகப்பைப் போல் வளைந்து நிற்கிறது பி.பி.சி.யின் ஒலிபரப்பு மாளிகை. 1932-இல் திறக்கப்பெற்றது. சிறு வயதில் சிற்றலையில் தமிழோசை கேட்டு வளர்ந்தவனாதலால், அவ்வாசலில் சற்றே நின்றேன். உடன் வந்த தங்கை மகள் தன் பள்ளிக்கால நினைவொன்றைச் சொன்னாள்.

பி.பி.சி. நிறுவனம் 2007 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக ‘ஸ்கூல் ரிப்போர்ட்’ என்னும் திட்டத்தை நடத்தியது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் பிரிட்டனின் பல பள்ளிகளில் வகுப்பறைகள் செய்தி அறைகளாகும். மாணவரே செய்தி திரட்டி, எழுதி, பிற்பகல் 2 மணிக்குள் செய்தியறிக்கையை முடித்தாக வேண்டும்.

2015-இல் இவளும் பங்கேற்றாள். பள்ளி உணவகத்தை மூடப்போகிறார்கள் என்று பரபரப்பாக எழுதியிருந்தாள்.

“யார் சொன்னது?” என்றார் ஆசிரியை.

“எல்லோரும்தான்.”

“ஒருவர் பெயரைச் சொல்.”

தலைமையாசிரியரைத் தேடி ஓடினாள், பார்க்க முடியவில்லை. மணி இரண்டாயிற்று. செய்தி நீக்கப்பட்டது.

“அன்று அழுதேன், மாமா. மறுவாரம்தான் தெரிந்தது, உணவகத்திற்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று!”

இருபதாண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்கள் கேட்டதைப் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஊர்ச் செய்தி எதையேனும் கொண்டுவரும்போது அவர்களிடம் இக்கேள்வியை நான் கேட்டதில்லை. ஊர் திரும்பியதும் முதற்பாடம் அதுவே.