பத்துப் பேர்

விடியுமுன் தேவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு எங்கள் பெண்களை ஏற்றிப்போக, தெருவில் நாலு குடும்பம் கடனில் வாங்கிய பழைய ஜீப். அதன் பியூஜோ எஞ்சின் படுத்துவிட்டது. பந்தயக் காருக்கு வேகம் பார்ப்பார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நாங்கள் இழுவை பார்த்தோம். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் 2,523 சிசி மகிந்திரா டிஐ எஞ்சின் ஒன்று பழசாகக் கிடைத்தது. மவுண்டிங்கை வெட்டி, பற்றவைத்து, கியர்பாக்ஸோடு நேராக உட்காரவைத்தவன் எங்கள் தெருப் பையன். பட்டறையில் அவனுக்குத் தனி டம்ளர். ஆமாம், இப்போதும்தான்.

எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற மூன்று நடை. விட்டிருந்தால், விபத்து என்று வரும்போது காப்பீட்டில் கைவிரிப்பார்கள்.

கங்காணி வழக்கம்போல் பதினெட்டுப் பேரை ஏற்றச் சொன்னார். எஞ்சின் இழுக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டுமே! பத்துக்கு மேல் மறுத்தோம். மறுநாள் அவர் வேறு ஜீப் பிடித்தார். எங்கள் பெண்களில் ஆறு பேர் அதில்தான் போனார்கள்.