சாவி கொடுக்கும் நாள்

வீடு வாங்குதல் நம் மக்களிடையே பெரியதொரு காரியமாகக் கருதப்படுகிறது. அது நியாயமே. பிறர் கட்டிய லயத்தில் பிறந்து, அதே லயத்தில் மணம் செய்து, அதே லயத்தில் மாண்டுபோன தலைமுறைகளின் பிள்ளைகளுக்குத் தம் பெயரில் ஒரு கதவும் அதற்கொரு சாவியும் கிடைப்பது சிறிய செய்தியன்று. ஆனால் நாம் விலையைப் பற்றிப் பேசுகிறோம். வட்டியைப் பற்றிப் பேசுகிறோம். வாசற்படி எத்திசை நோக்குகிறது என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். விற்றவர் என்றைக்கு வெளியேறுவார் என்பதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பேசினாலும், பேசிய நாளை நாள் என்று மதிப்பதில்லை. அந்தக் குறைபாட்டின் பலனை நானே அனுபவித்தேன் ஆதலின், அதனை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

கேமரன் மலையில் கியா பார்ம் என்னும் இடத்தை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். பிரிஞ்சாங் பட்டணத்திற்கும் மேலே, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், முட்டைக்கோசும் சோளமும் ஸ்திராபெரியும் விற்கும் சந்தையைச் சுற்றி அமைந்த ஊர். அதற்கு அப்பால் மலைச்சரிவெங்கும் தேயிலை. 1929-ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் இம்மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய பின் நம்மவர் பலர் இங்கே வந்து கொழுந்து பறித்தனர். அவ்வழியில் வந்தவனே நானும். சமவெளியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் மலையேறி, தேயிலைத் தோட்டமொன்றில் லோரி ஓட்டி, 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றேன்.

தோட்டத்து வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் முடிந்தது. ஆகவே, என் சேமநிதிப் பணத்தையும் மகன் பெயரில் எடுத்த வங்கிக் கடனையும் சேர்த்து, கியா பார்மில் ஒரு சிறு வரிசை வீட்டை மூன்று இலட்சம் வெள்ளிக்குப் பேசினேன். விற்றவர் எழுபத்தைந்து வயதுப் பெரியவர், நம்மவர். ஜூலை மாதத்தில் ஒப்பந்தம் எழுதி, நூற்றுக்குப் பத்து வீதம் முன்பணம் கொடுத்தேன். மீதிப் பணம் முழுவதும் நவம்பர் 28-ஆம் தேதியே சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. 30-ஆம் தேதி, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டைக் காலி செய்து சாவி கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நிபந்தனை.

அன்று காலையில் லயத்து வீட்டைக் கழுவிவிட்டு, சாவியைக் கிராணியிடம் ஒப்படைக்கப் போனேன். அலுவலகத் தாழ்வாரத்தில் வங்காள தேசத்துத் தொழிலாளிகள் நால்வர் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். நான் காலி செய்யும் வீட்டிற்கு வர இருப்பவர்கள் அவர்களே. என் கையிலிருந்த சாவியை அவர்கள் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் மலையேறி வந்த நாளில் என் கண்களிலும் அப்பார்வை இருந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டில், பீரோ, சட்டி பானைகளோடும், எண்பது வயதுத் தாயாரோடும் லோரியில் கியா பார்ம் வந்து சேர்ந்தேன்.

வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டரை. மூடுபனியோடு மழையும் பிடித்துக்கொண்டது. கதவு திறந்திருந்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் சாமி படங்கள் மாட்டினபடியே இருந்தன. ஒரு பெட்டிகூடக் கட்டப்படவில்லை.

பெரியவர் வெளியே வந்து, “வாங்க தம்பி, டீ குடியுங்க” என்றார்.

“ஐயா, இன்றைக்கு முப்பதாம் தேதி அல்லவா?” என்றேன்.

“தேதி சரிதான் தம்பி. ஆனா இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. வாழ்ந்த வீட்டை விட்டு அஷ்டமியிலா வெளியேறுவது? சனிக்கிழமை போய்விடுகிறோம். நாமெல்லாம் ஒரே சனம்தானே!”

பஞ்சாங்கத்தின் மெய் பொய்யை நான் இங்கே விசாரிக்க வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்காமல் இருக்க இயலவில்லை. அஷ்டமி வானத்திலிருந்து திடீரென்று குதித்ததா? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜூலை மாதத்திலேயே நவம்பரின் திதிகளெல்லாம் அச்சாகி அவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தனவே! பணம் வாங்கும் நாளுக்குப் பார்க்காத திதியைச் சாவி கொடுக்கும் நாளுக்கு மட்டும் பார்ப்பது என்ன சாஸ்திரம்? என் வீட்டிலும் இக்குற்றம் இல்லாமலில்லை. என் மனைவி தசமியில் பால் காய்ச்சுவதென்று எவரையும் கேளாமல் நாள் வைத்திருந்தாள். அவரவர் திதி அவரவர் வசதிக்கு. அகப்பட்டு நனைவது லோரியிலுள்ள சாமான்.

வழக்கறிஞருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பணம் முழுதும் சேர்ந்துவிட்டது, வீட்டை ஒப்படைக்க வேண்டியது அவர் கடமை. ஆனால் நீங்களாக அவர் சாமான்களை வெளியே எடுத்து வைக்கவோ பூட்டை மாற்றவோ கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் வட்டி சேரும்” என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று இலட்சத்திற்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 75 காசு. சட்டம் தன் அளவில் நியாயமாகவே பேசியது. ஆனால் மழையில் நிற்கும் கிழவிக்கு 75 காசு குடை ஆகுமா?

சந்தைக்கு எதிரே காய்கறி பயிரிடும் சீனர் ஒருவர் எங்கள் நிலையைக் கண்டு, காய்கறி கட்டும் தம் கொட்டகையில் சாமான்களை இறக்கச் சொன்னார். கொட்டகைக்கு மேலிருந்த அறையில் எங்களைத் தங்கவும் சொன்னார். அவருக்கும் எனக்கும் ஒரே சனம் என்ற உறவு இல்லை.

நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கையில், என் தாயார் பெரியவர் வீட்டுக்குள் போய் அந்த அம்மாளிடம் பேசியிருக்கிறார். “தங்கச்சி, அஷ்டமி கிடக்கட்டும். உண்மையைச் சொல்” என்று கேட்டாராம். அந்த அம்மாள் அழுதுகொண்டே சொன்ன செய்தி இதுதான்: ஈப்போவில் பார்த்து வைத்த வாடகை வீட்டிற்கு இன்னும் முன்பணம்கூடக் கட்டவில்லை, போவதற்கு அவர்களுக்கு இடமே இல்லை. அஷ்டமி என்பது வெட்கத்தை மறைக்கத் தொங்கவிட்ட திரை.

மாலையில் நான் பெரியவரைத் தனியே கண்டு, “ஏன் ஐயா முன்னமே சொல்லவில்லை? நான்கு மாதம் இருந்ததே” என்றேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “சொன்ன நாளில் பணம் வந்து நான் என் வாழ்நாளில் கண்டதில்லை தம்பி. எனக்குப் பதினாலு வயதில் எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பாக்கிச் சம்பளம் மாதக் கடைசியில் என்றார்கள். எத்தனையோ மாதக் கடைசி வந்தது. உங்கள் பணமும் இழுத்துக்கொண்டுதான் வரும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் நாள் தவறாமல் கொடுப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.”

இச்சொல்லைக் கேட்டபின் என் கோபம் தணியவில்லை. ஆனால் அது போக வேண்டிய திசை மாறியது. பெரியவர் கூறியது பொய்யன்று. 1950-ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னும் மலாயாவில் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டு, வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து நம்மவர் தெருவில் நின்றனர். அதற்கு மாற்றாகவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்கலாயினர். நாளைக் காட்டி ஏமாற்றப்பட்ட மக்கள் நாளை நம்பாமற் போவதில் வியப்பென்ன?

இங்கே ஒரு வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பினாங்கில் கம்போங் புவா பாலா என்னும் நம்மவர் கிராமம் 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் இடிக்கப்பட்டது. கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத்தின் 41 குடும்பங்களுக்கு 2011-இல் காலி செய்யும்படி அறிவிப்பு வந்தது. தாங்கள் உழைத்த மண்ணில் நான்கு ஏக்கர் கேட்டு அவர்கள் போராடினர். அம்மக்களையும் குறித்த நாளில் காலி செய்யாதவர்கள் என்று சிலர் பழித்தனர். ஆனால் அவர்கள் எதையும் விற்கவில்லை, விலை பேசவில்லை, நாள் குறிக்கவில்லை. அவர்கள் காலடியிலிருந்த நிலத்தைப் பிறர் பேசி முடித்தனர். விற்றவர் வேறு, விற்கப்பட்ட நிலத்தில் இருந்தவர் வேறு. முன்னவர் வெளியேறாதிருப்பது வாக்குத் தவறுதல். பின்னவர் வெளியேற மறுப்பது வாழ்வுரிமை கேட்டல். தோட்டத்து மக்களின் துயரத்தைக் காட்டி, விலை வாங்கிய வீட்டில் தங்கியிருப்பதற்கு நியாயம் தேடுவது அத்துயரத்திற்கே அவமதிப்பாகும்.

என் தந்தையார் 1974-இல் இறந்தார். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று கிராணி வந்து சொன்னார். அவ்வீட்டில் எங்களுக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை; ஒரு காசு விலையும் கிடைக்கவில்லை. என் தாயார் கடைசி நாள் காலையில் அடுப்புச் சாம்பலை வாரி, தரையைக் கழுவி, வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் புறப்பட்டார். “யாருக்கம்மா தண்ணீர்?” என்று கேட்டேன். “வருகிறவர்களுக்கும் தாகம் எடுக்குமில்லையா?” என்றார். வீட்டை ஒப்படைப்பதைப் பற்றி நான் கற்ற பாடம் அவ்வளவே.

இங்கிலாந்தில் வீடு கைமாறும் நாளில் பணமும் சாவியும் ஒரே நாளில் கைமாறுவது வழக்கம். பகல் இரண்டு மணிக்குப் பின் பணம் வந்தால் அடுத்த வேலைநாளில் வந்ததாகவே கொள்ளப்படும் என்று அங்குள்ள பொது விற்பனை நிபந்தனைகளில் ஒரு விதி உண்டு. ஏனெனில், விற்றவர் அன்றே இன்னொரு வீட்டிற்குப் போகிறார். அவ்வீட்டார் வேறொரு வீட்டிற்குப் போகின்றனர். ஒருவர் கதவைத் திறவாவிடில் பல வாசல்களில் லோரி நிற்கும். இங்கும் அப்படியே. நான் கிராணியிடம் சாவி கொடாமல் லயத்திலேயே இருந்திருந்தால், அந்நால்வரும் அன்றிரவு தாழ்வாரத்திலேயே படுத்திருப்பர். என்னிடம் தவறியவரைக் காட்டி நானும் பிறரிடம் தவறலாமா?

சனிக்கிழமை காலையில் பெரியவர் ஈப்போவுக்குப் புறப்பட்டார். சாவியோடு ஓர் உறையையும் நீட்டினார். மூன்று நாள் வட்டி, 197 வெள்ளி 25 காசு. நான் வாங்கிக்கொண்டேன், ரசீதும் எழுதிக் கொடுத்தேன். என் தாயாருக்கு அது பிடிக்கவில்லை. “வயதானவரிடமா வாங்குவது?” என்று கடிந்தார். வாங்க மறுத்திருந்தால் என் பெயர் நல்லதாகியிருக்கும். ஆனால் நாள் என்பது ஒரு பொருட்டன்று என்று அவர் அறுபது ஆண்டுகளாக நம்பியதை நானும் ஒப்புக்கொண்டதாகியிருக்கும். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் வாக்குத் தவறாமையையும் நம் மொழி குறிக்கிறது. அவர் இரண்டாவதைத் தவறினார். முதலாவதைக் கொடுத்து அதனை ஈடு செய்தார். அதனால் அவர் எனக்குச் சிறியவரல்லர். உள்ளே போய்ப் பார்த்தேன். தரை கழுவப்பட்டிருந்தது.

வீடு வாங்க இருக்கும் தோட்டத்துச் சகோதரர்களுக்கும் பட்டணத்துச் சகோதரர்களுக்கும் நான் சொல்லக்கூடியவை சிலவே. ஒப்பந்தம் எம்மொழியில் இருந்தாலும், ஒருவரைக் கொண்டு தமிழில் முழுதும் படித்துக் கேளுங்கள். நாளோடு மணியையும் எழுதச் செய்யுங்கள். சாவி கைக்கு வரும்வரை ஒரு சிறு தொகை வழக்கறிஞரிடமே நிற்கும்படி, கையெழுத்திடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு வாரம் முன்பாக நேரே போய், பெட்டி கட்டுகிறார்களா என்று பாருங்கள். விற்பவராயின், போக இடமில்லை என்றால் வெட்கப்படாமல் முன்னமே சொல்லுங்கள். பத்து நாள் முன்னே சொன்னால் அது வேண்டுகோள், பத்து நிமிடம் பின்னே சொன்னால் அது வஞ்சனை. நமக்கு நாள் குறித்தவர்கள் பலர் தவறினார்கள் என்பது மெய்தான். அந்த வழக்கம் நம் வாசலிலாவது நிற்கட்டும். அடுத்து வருகிறவருடைய லோரி நம் வீட்டு முன் மழையில் நிற்க வேண்டாம்.