ஒரு கொம்பு நனைந்த மழை!

"சித்திரைக்கு எங்க ஊருக்கு வாங்க சார்" என்று ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் கூப்பிட்டபோது, முதலில் என் ஞாபகத்துக்கு வந்தது கோவில்பட்டி கடலைமிட்டாய். அடுத்தது வெயில். கொஞ்ச நேரம் இரண்டும் மல்லுக்கட்டியதில் மிட்டாய் ஜெயித்தது. மூன்று நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

கோழி கூவுகிற நேரத்தில் கோவில்பட்டியில் இறங்கி, டீ குடித்து, எட்டயபுரம் பஸ்ஸைப் பிடித்தோம். பாரதியார் பிறந்த ஊரை ஜன்னலோரமாகவே கும்பிட்டுக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். விடிய விடிய வெளியே பார்த்தால், எங்கே பார்த்தாலும் கறுப்பு! தார் ரோடு எங்கே முடிகிறது, நிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சட்டென்று தெரியவில்லை. அங்கங்கே வேலிக்கருவேல மரம். நடுவில் தூரத்தில் ஒரு காற்றாலை, சோம்பல் முறிப்பது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கரிசல் பூமி.

நண்பரின் அப்பா எங்களை வீட்டுக்குள் விடவில்லை. நேராகக் காட்டுக்குத்தான் அழைத்துப் போனார். (அந்தப் பக்கம் வயலைக் 'காடு' என்றுதான் சொல்கிறார்கள். புலி, கரடி ஏதும் கிடையாது. காட்டுப்பன்றி மட்டும் உண்டு.) அன்றைக்கு சித்திரை முதல் தேதி. பொன்னேர் பூட்டுகிற நாள். ஊர்ப் பொதுவில் நல்ல நேரம் பார்த்து, எல்லோரும் சேர்ந்து வருஷத்தின் முதல் உழவை உழுகிறார்கள். முன்பெல்லாம் ஜோடி ஜோடியாகக் காளைகள் நிற்குமாம். இப்போது மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக டிராக்டர்கள். இரண்டே இரண்டு ஜோடி மாடு, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் மாதிரி ஓர் ஓரமாக. சாமி கும்பிட்டு, நாலு சுற்று சம்பிரதாயத்துக்கு உழுதார்கள். திரும்பி வரும்போது பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். என் ஒரே வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

"அவ்வளவுதானா? மிச்ச நிலத்தை எப்ப உழுவீங்க?" என்றேன் அப்பாவியாக.

பெரியவர் வானத்தைக் காட்டினார். "அவுக சொல்லணும் தம்பி."

எனக்குப் புரியவில்லை. இங்கே கிணறு, வாய்க்கால் எதுவும் கிடையாது. மானாவாரி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளமோ, உளுந்தோ, பாசியோ எடுக்கிறார்கள். புரட்டாசிக்கு இன்னும் ஐந்து மாசம் கிடக்கிறதே! அதற்குள் என்ன அவசரம்?

"விதைக்கிறது புரட்டாசிதான். விளையிறது சித்திரையிலயாக்கும்" என்றார். சொல்லிவிட்டு, நிலத்தைக் காட்டினார்.

நிலமா அது! வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. குனிந்து பார்த்தபோது சட்டைப் பையிலிருந்த பேனா நழுவி ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். ம்ஹும். இந்த மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் இத்தனை வெடிப்பு. இப்படியே விட்டால், மழை வரும்போது கொஞ்சம் வெடிப்பில் இறங்கும். பிறகு மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் 'போயிட்டு வாரேன்' என்று ஓடைக்குப் போய்விடும். ஆனால், கோடையில் ஒரு தடவை ஆழ உழுதுவிட்டால், பெய்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். கோரையும் அருகும் வேரோடு மேலே வந்து வெயிலில் காயும். உள்ளே ஒளிந்திருக்கிற புழு, கூட்டுப்புழுவெல்லாம் குருவிக்கும் கொக்குக்கும் டிபன்.

புழு என்றதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து இந்தப் பக்கத்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றுவிட்டுப் போனது. அமெரிக்காவிலிருந்து வேலை வரும் என்று நாம் சென்னையில் காத்திருந்தால், இவர்களுக்குப் புழு வந்திருக்கிறது. அதைச் சமாளிக்க விவசாய இலாகா சொல்லும் யோசனைகளில் முதலில் வருவது இந்தக் கோடை உழவுதான்.

சரி, இன்றைக்கே உழ வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். காய்ந்த கரிசலில் கலப்பையை இறக்கினால் அம்மிக்கல் சைஸில் கட்டி கட்டியாகப் பெயரும். டீசல்தான் போகும். மழை பெய்த கையோடு இறங்கினால் சக்கரம் முழுக்க மண் அப்பிக்கொண்டு டிராக்டர் நகராது. ஒரு 'உழவு மழை' பெய்து, கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர்கிற பதம் வரவேண்டும். அந்தப் பதம் நிற்பது இரண்டு, மூன்று நாள். சித்திரை வெயில் அதற்கு மேல் விட்டுவைக்காது.

ஆக, ஊரே ஒரே நாளில் உழ வேண்டும். ஊரில் சட்டிக் கலப்பை மாட்டிய டிராக்டரோ மூன்றே மூன்று! அந்த டிரைவர்களின் மவுசைப் பார்க்க வேண்டுமே... எங்கள் மேனேஜருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. ஒருவருக்கு டீ வருகிறது, வடை வருகிறது, "சாப்பிட்டியாப்பா?" என்று மூன்று வீட்டிலிருந்து விசாரணை வருகிறது. மனுஷர் எல்லோரிடமும் "உங்களுக்குத்தாண்ணே மொதல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது நண்பர் மெல்ல ஆரம்பித்தார். சோலார் கம்பெனிக்கு நிலம் கேட்டு புரோக்கர் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். தங்கச்சி கல்யாணக் கடன் அப்படியே நிற்கிறது. அப்பா ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்: "இந்தச் சித்திரை, வைகாசியில உழவு மழை பெஞ்சா உழுவோம். இல்லாட்டி நீ சொல்ற மாதிரி குடுத்துருவோம்."

"அப்ப நீங்க மழை வரணும்னு வேண்டுறீங்களா, வரக்கூடாதுன்னா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் புரண்டு படுத்தார்.

மறுநாள் நான் செல்போனில் வானிலை பார்த்து, "சாயங்காலம் நாலு மணிக்கு அறுபது சதவிகிதம் மழை!" என்று பெரியவரிடம் காட்டினேன். "மிச்ச நாப்பது எந்தப் பக்கம்னு கேளுங்க" என்றார். சும்மா சொல்லவில்லை மனுஷர். கோடை மழை, பருவமழை மாதிரி ஊரெல்லாம் ஒன்றாகப் பெய்வதில்லை. பகல் முழுக்க நிலம் கொதித்து, பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்து மோத, அங்கங்கே மேகம் திரண்டு கொட்டிவிட்டுப் போய்விடும். மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்பார்கள்.

அப்படியேதான் ஆயிற்று! நாலரை மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. புழுதிக்காற்று, இடி, அப்புறம் முக்கால் மணி நேரம் சாத்து சாத்தென்று சாத்தியது. நண்பர் வீட்டு நிலம் இரண்டு துண்டு. ஊரை ஒட்டி மூன்று ஏக்கர், ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர். குடையும் செருப்புமாக ஓடிப் பார்த்தோம். மூன்று ஏக்கரில் கால் புதைந்தது. ஓடையைத் தாண்டினால் மண்ணில் அம்மைத் தழும்பு மாதிரி நாலு புள்ளி. அவ்வளவுதான். பெரியவர் அந்த வறண்ட மண்ணை ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கீழே போட்டார்.

மூன்றாம் நாள் பதம் வந்தது. எங்கள் முறை வந்தபோது ராத்திரி பதினொன்றரை. டிராக்டர் வெளிச்சத்தில் கறுப்பு மண் புரண்டு புரண்டு விழுந்தது. அந்த ஈரவாசனைக்காகவே இன்னொரு தடவை போகலாம். வரப்பில் டார்ச் பிடித்துக்கொண்டு, "அந்த மூலை விட்டுப்போச்சுண்ணே, மூலை!" என்று கத்திக்கொண்டு ஓடியது யார் என்கிறீர்கள்? சோலாருக்குக் கொடுக்கலாம் என்ற அதே நண்பர்தான்.

சென்னை திரும்பி மூன்று வாரம் ஆயிற்று. தினமும் அஞ்சு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். "பெய்யலையா?" என்பார் நண்பர். வைத்துவிடுவார். நடுவில் புரோக்கரும் கூப்பிட்டார். "வைகாசி முடியட்டும்" என்று பதில் போனது. எனக்கும் அஞ்சு மணி ஆனால் கணக்கு ஓடாது.

போன வியாழக்கிழமை போனை எடுத்தவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஓடைக்கு அந்தப் பக்கமுமா? சரிய்யா... டிரைவர் எத்தனை மணிக்கு வாரேன்னாரு?"