கடைசித் தகைவிலான் கிளம்பிய நாள்

கடல் கடந்த மடல்: காம்பார், பேராக், மலேசியா

மலேசியாவில் வசந்தம் என்றொரு பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனாலும் பிப்ரவரி பிறந்துவிட்டால், காம்பார் பக்கம் மிஞ்சியிருக்கும் ரப்பர் மரங்கள் இலை பழுத்து உதிர்க்கத் தொடங்குகின்றன. பால் குறைகிறது. மொட்டையாக நின்ற கிளைகளில் சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் விடுகிறது. தோட்டத்து லயக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு ஆண்டு திரும்புவதன் அடையாளம் அதுதான். பறவை பார்ப்பவர்களுக்கும் அதே அடையாளம் போதும். இலையில்லாத கிளையில் தனியாக உட்கார்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான் இன்னும் சில வாரங்களில் கிளம்பிவிடும். சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் அப்போதுதான் பனி உருகத் தொடங்கியிருக்கும்.

ஆக, இந்த ஊருக்கு வசந்தம் என்பது விடைபெறும் காலம். வடக்கே தோக்கியோவிலும் சியோலிலும் இருப்பவர்கள் முதல் தகைவிலான் குருவி எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்கிறார்கள். காம்பாரில் இருப்பவர்கள் கடைசித் தகைவிலான் எப்போது போனது என்று தேட வேண்டியிருக்கிறது. முதலாவதைக் குறிப்பது எளிது. பார்த்த அன்றே எழுதிவிடலாம். கடைசியானது அப்படியில்லை. இன்று பார்த்ததுதான் கடைசி என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் விடாமல் பார்த்து, விடாமல் எழுதுபவர்களால் மட்டுமே அந்தத் தேதியைச் சொல்ல முடியும்.

காம்பார் ஈப்போவுக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே மலை, நகரத்தின் முதுகுக்குப் பின்னாலேயே புஜாங் மலாக்கா குன்று எழுந்து நிற்கிறது. மேற்கே திரும்பினால் குளம், குளம், மேலும் குளம். எல்லாம் மனிதன் தோண்டியவை. ஒரு காலத்தில் உலகத்திலேயே வளம் மிகுந்த வெள்ளீய வயல் இந்தப் பள்ளத்தாக்குதான். சீனத் தொழிலாளர்கள் குழாயால் நீர் பாய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். பின்னர் ஆங்கிலேய நிறுவனங்கள் மிதக்கும் தூர்வாரிக் கப்பல்களைக் கொண்டுவந்தன. 1938-இல் கட்டப்பட்ட அப்படி ஒரு கப்பல் தஞ்சோங் துவாலாங் சாலையோரம் காட்சிப் பொருளாக இன்றும் நிற்கிறது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அதோடு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. விட்டுப்போனவை ஆழமான குட்டைகளும், சத்தெல்லாம் கழுவப்பட்ட வெள்ளை மணல் வெளிகளும். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் காம்பார் வளாகமும் அத்தகைய நிலத்தில், பழைய சுரங்க ஏரிகளைச் சுற்றியே எழுந்தது.

பயிருக்கு ஆகாது என்று கைவிடப்பட்ட அந்த நிலத்தைத்தான் பறவைகள் எடுத்துக்கொண்டன. காம்பாரின் வடமேற்கே பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் உள்ள கிந்தா இயற்கைப் பூங்கா 14 சுரங்கக் குளங்களின் தொகுதி. சாம்பல் நாரை, செந்நாரை, இராக்கொக்கு, பெருங்கொக்கு எனக் கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும் இடம் அது. அங்கே 130 வகைக்கு மேல் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

மார்ச் மாதக் குளக்கரையில் பார்க்க வேண்டியது மடையான். தமிழ்நாட்டு வயல் வரப்பில் அசையாமல் நின்று, பக்கத்தில் போனதும் வெள்ளைச் சிறகை விரித்துப் பறக்குமே, அதே குருட்டுக் கொக்கு. அந்த இனத்தில் மூன்று வகை இங்கே கலந்து நிற்கின்றன: சீன மடையான், ஜாவா மடையான், அரிதாக நம்மூர் மடையான். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மூன்றும் ஒரே மாதிரி, பழுப்புக் கோடு போட்ட உடம்பு. எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவரும் அப்போது தயங்குவார். பலர் பேசாமல் ‘மடையான்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடுவார்கள். மார்ச் இரண்டாம் வாரம் வாக்கில் இனப்பெருக்கக் கால நிறம் ஏறத் தொடங்குகிறது. சீன மடையானுக்குத் தலையும் மார்பும் கருஞ்சிவப்பு. ஜாவா மடையானுக்குத் தலை பொன்மஞ்சள், முதுகு கறுப்பு. நம்மூர் மடையானுக்குத் தலை வெளிர்மஞ்சள், முதுகு மட்டும் அரக்குச் சிவப்பு. ஏப்ரல் கடைசிக்குள் சீன மடையான்களில் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். ஆக, இந்தக் கரையில் யார் யார் தங்கினார்கள் என்று கண்டுபிடிக்கக் கிடைப்பது ஐந்தாறு வாரங்கள்தான். அந்த நாட்களில் தொலைநோக்கியோடு கரைக்குப் போகாதவர்களுக்கு விடை அடுத்த ஆண்டுதான். வங்கக் கடலுக்கு அந்தப்பக்கத்துப் பறவை ஒன்று இந்தப்பக்கக் குளத்தில் நிற்பதைக் கண்டு, ஒரு தமிழ் மனம் கொள்ளும் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளை மணலுக்கு வேறொரு குடியிருப்பாளர் உண்டு. பஞ்சுருட்டான். தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் காணும் நீலவால் பஞ்சுருட்டான் இங்கேயும் குளிர்கால விருந்தாளி. மார்ச், ஏப்ரலில் பெரும்பகுதி கிளம்பிவிடும். அது போகிற அதே வாரங்களில் தெற்கேயிருந்து, சுமத்திரா பக்கமிருந்து, நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் வந்து சேர்கிறது. தலையும் தோளும் பாக்குக் கொட்டை நிறம், தொண்டை நீலம். ஒரே மின்கம்பியில் போகிறவரும் வருகிறவரும் சில நாட்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதைப் பார்க்கலாம். வந்தவர் மணலில் வளை தோண்டிக் குடும்பம் நடத்துவார். வளைக்குள் நடப்பது அவ்வளவு இனிமையானது இல்லை. மலேசியாவில் இந்தப் பறவையை ஆராய்ந்து பிரையன்ட், டாட்னர் இருவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை, உணவு பற்றாதபோது மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொல்வதை விவரிக்கிறது. குஞ்சின் அலகு நுனியில் அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது. எத்தனை தட்டாம்பூச்சி, எத்தனை தேனீ கிடைக்கிறது என்பதில் இருக்கிறது கடைசிக் குஞ்சின் உயிர்.

தட்டான்களைச் சும்மா உள்ளூர்ப் பூச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. குளங்களுக்கு மேலே மஞ்சள் உடம்போடு ஓயாமல் வட்டமிடும் ஒரு வகை உண்டு. நம்மூரில் மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கும் அதே தட்டான். உலகத்தில் மிக அதிக தூரம் வலசை போகும் பூச்சிகளில் அது ஒன்று. மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர்க் குளங்கள் மிக அரிதான அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பல ஆண்டுகள் தேதி குறித்தார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, ஆப்பிரிக்கா நோக்கிப் போகும் வழியில் வருகின்றன என்ற அவருடைய கருத்து 2009-இல் வெளியானது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. ஒரு மனிதர், ஒரு நாட்குறிப்பு, வந்த தேதி, போன தேதி. காம்பார் குளங்களில் பறவை பார்ப்பவர்கள் தட்டான்களையும் சேர்த்து எழுதத் தொடங்கினால், மலாக்கா நீரிணைப் பக்கத்துக் கதையும் ஒருநாள் தெளியும்.

வலசை போகாத ஒரு பூச்சியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. காம்பார் மாவட்டத்திலேயே, கோப்பெங் ஊருக்குள்ளிருந்து மலையேறினால் உலு கெரோ என்னும் செமாய் பழங்குடி மக்களின் கிராமம். அங்கே ஓடைக்கரை ஈரமணலில் ராஜா புரூக் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்புநீர் உறிஞ்சும். கறுப்பு இறக்கையில் பச்சை முக்கோணங்கள் வரிசையாக. 1855-இல் சரவாக்கில் இயற்கையியலாளர் வாலஸ் பெயரிட்ட இனம் அது. இன்று அவற்றைக் காத்து, வருபவர்களுக்கு வழிகாட்டுபவர்கள் அந்தச் செமாய் மக்களே. மலேசிய இயற்கைச் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது.

வானத்துக்கு வருவோம். மார்ச் காலை பத்து மணிக்கு மேல், தரை சூடேறியதும், மலைத்தொடரை ஒட்டிப் பருந்துகள் சுழன்று சுழன்று மேலேறுவதைக் காணலாம். பெரும்பாலும் தேன் பருந்துகள். சுமத்திராவின் ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, தெற்கே தஞ்சோங் துவான் முனையில் கரையேறுகின்றன. கடலுக்கு மேல் வெப்பக் காற்று வலுவாக எழாது. ஆகவே சிறகடித்தே வர வேண்டும். கரை சேரும்போது களைத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மர உயரத்துக்குத் தாழ்ந்து வருவதுண்டு. 2000 முதல் மலேசிய இயற்கைச் சங்கம் அங்கே மார்ச் மாதத்தில் பருந்து விழா நடத்தி எண்ணிக்கை எடுக்கிறது. கரையேறியவை வடக்கே போகும் வழியில்தான் பேராக் வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிகுச்சியின் குழு இந்தப் பருந்துகள் சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தது. இலையுதிர் காலத்தில் ஜப்பானிலிருந்து கிழக்குச் சீனக் கடலை நேராகத் தாண்டி வருபவை, வசந்தத்தில் அந்தக் கடலைத் தவிர்த்து, மலாய் தீபகற்பம், சீனம், கொரியா என்று நிலத்தைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகின்றன. போகும் வழியும் வரும் வழியும் வேறு வேறு. அதனால் காம்பாரின் மார்ச் மாதக் குறிப்பை அக்டோபர் குறிப்பு ஈடுகட்டாது.

இந்த நாட்டில் இப்படிக் குறித்துவைப்பதற்கு நீண்ட மரபு உண்டு. இயற்கைச் சங்கம் 1940-இல் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த காவல் அதிகாரி மேடாக், அங்கேயே நினைவிலிருந்து மலாயாப் பறவைகள் பற்றி நூல் எழுதினார். 1947-இல் அது அச்சேறியது. 1963 முதல் 1971 வரை பறவையியலாளர் மெக்ளூர் தலைமையில் ஆசியாவெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டியபோது மலாயாவும் அதில் முக்கிய களம். பறவை ஆய்வாளர் மெட்வே பிரபு இங்கே தங்கும் தகைவிலான்களுக்கு வளையம் மாட்டி, 1973-இல் தனி ஆய்வே வெளியிட்டார். எழுதப்படாத மரபு ஒன்றும் உண்டு. விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர்ப் பால் வெட்டப் போன தமிழர்கள் எந்தக் குருவி எந்த மாதம் காணாமல் போகிறது என்பதை அறிந்திருந்தார்கள். தோட்டங்கள் துண்டாகிச் செம்பனை ஆனபோது, மக்கள் பட்டணம் போனபோது, அந்த அறிவும் கலைந்தது. மூத்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

அவசரம் குளங்களுக்கும் உண்டு. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்க 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேசிடம் ஆணை வாங்கி வைத்தார்கள். கிந்தாவின் பெரும்பாலான ஈயக்குட்டைகளுக்கு அப்படி ஓர் ஊர்க்காவலும் இல்லை, காகிதமும் இல்லை. மீன் வளர்ப்பு, மணல் எடுப்பு, வீடமைப்பு என்று ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. ‘பழைய சுரங்கம்தானே, பாழ்நிலம்தானே’ என்ற பேச்சு எழும்போது, இன்ன தேதியில் இன்ன பறவை இத்தனை நின்றது என்ற குறிப்பேடு எதிரே இருக்க வேண்டும். நீர்ப்பறவைகளுக்கு ஜனவரியில் ஆசியக் கணக்கெடுப்பு நடக்கிறது; அது நல்லது. ஆனால் ஜனவரியில் மடையான் யாரென்று சொல்லாது, நீலத்தொண்டை வந்திருக்காது. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

வடக்கிலோ குறிப்பவர்கள் குறைகிறார்கள். ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் நாடெங்கும் முதல் தகைவிலானைக் கண்ட தேதியைப் பதிவு செய்து வந்தது. 2021-இல் விலங்கு, பறவை, பூச்சிக் கவனிப்புகளை முழுவதும் நிறுத்திவிட்டது. நகரமயமானதில் பார்ப்பதே அரிதாகிவிட்டது என்பது காரணம். அதன்பின் பொதுமக்களைக் கொண்டு அந்தப் பணியைத் தொடர அந்நாட்டுச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் முயல்கிறது. அங்கே வந்த தேதியும் இங்கே போன தேதியும் சேர்ந்தால்தான் நடுவழியில் பறவைக்கு எத்தனை நாள் ஆயிற்று, எங்கே தாமதம் என்று கணக்கிட முடியும்.

பேராக்கின் சிறு நகரங்களில் மாலை ஆறரைக்கு மேல் கடைவீதிக் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக வந்து அடைகின்றன. மார்ச்சில் அவற்றின் தொண்டை புதுச் சிவப்பு. இறகு உதிர்த்து முளைத்த வால் நீண்டிருக்கும். கடைக்காரர்களுக்கு எச்சத் தொல்லை, பார்ப்பவர்களுக்கு எண்ணிக்கை. தமிழ்நாட்டிலும் ஆகஸ்டு, செப்டம்பரில் வந்த தகைவிலான்கள் இப்போதுதான் கிளம்புகின்றன. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் 2015 முதல் பங்கெடுத்துப் பழகிய கண்கள் அங்கே நிறைய உண்டு. மதுரையிலோ நாகர்கோவிலிலோ இந்த மடலைப் படிப்பவர்கள், ஏப்ரல் முடியும் வரை தெருக்கம்பியை நாள்தோறும் பார்த்து, இருந்தால் எத்தனை, இல்லையென்றால் இல்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள். ‘இல்லை’ என்று எழுதிய நாட்களும் காம்பார்க் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.