சொல்தா வீட்டு நாணயம்

புதுச்சேரிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு 'சொல்தா' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் மூத்த சொல்தாக்கள் சைகோன் கதை சொல்வார்கள். இளையவர்கள் சிலர் அல்ஜீரியாவில் இருந்தார்கள். சொல்தா வீடு என்றால் மளிகைக் கடையில் தாராளமாகக் கடன் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை.

பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சொல்தா எழுதிக் கொடுத்தால், அவர் சம்பளத்தில் ஒரு பங்கு நேராக வீட்டுக்கு வந்துவிடும். 'தெலெகாசியோன்' என்பார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பணம் வந்த வீடுகள் இரண்டு. ஒரு வீட்டு அம்மா, பணம் வந்த அன்றே கடைக்குப் போய், நோட்டில் தன் பக்கத்தைக் கூட்டச் சொல்லி, பாக்கியைத் தீர்த்து, கோடு போடச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவார். இன்னொரு வீட்டில் பணத்தை வாங்கிக்கொண்டவர் சொல்தாவின் மைத்துனர். அது சீட்டாட்டத்தில் போனது. அந்த வீட்டுக்கு அரைப்படி அரிசிகூடக் கடனாக வராது. இரண்டு சொல்தாவும் ஒரே படை, ஏறக்குறைய ஒரே சம்பளம். கடைக்காரர் அவர்கள் முகத்தைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருக்கும். இருந்தாலும் ஒருவருக்கு நல்ல பெயர், ஒருவருக்குக் கெட்ட பெயர்.

நாணயம் என்ற நம் சொல்லுக்குக் காசு என்றும் பொருள், வாக்குத் தவறாமை என்றும் பொருள். பட்டாளத்துக்காரனுக்கு முதலாவது கையில் இருக்கும். இரண்டாவது, அவன் ஊரில் இல்லாத நாளில், அடுத்தவர் கையில் இருக்கும்.

இப்போது கடைக்காரர் நோட்டின் இடத்தில் சிபில் மதிப்பெண் வந்துவிட்டது. 300-இல் தொடங்கி 900 வரை போகும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இந்திய ராணுவத்தில் சேர்ந்து, தம்பிக்காகத் தன் பெயரில் கடன் போட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினான். பிறகு சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினான். தவணையோ பழைய கணக்கிலிருந்தே பிடிக்கும்படி இருந்தது. அதில் பணம் இல்லை. அவன் இருந்ததோ செல்போன் எடுக்காத மலை முகாம். வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதங்களை அவன் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். மூன்று தவணை தவறிவிட்டது. விடுமுறைக்கு வந்தவன் அபராதத்தோடு எல்லாவற்றையும் கட்டினான். ஆனாலும் அடுத்த வருஷம் வீட்டுக் கடன் கேட்டபோது இல்லை என்றார்கள். அக்கா கல்யாணத்துக்குமுன் ஓட்டை மாற்றித் தளம் போட நினைத்திருந்தான். கல்யாணம் ஓட்டு வீட்டிலேயே நடந்தது.

அவன் குடிக்கவில்லை, ஏமாற்றவில்லை, எல்லையில் காவல் நின்றான். மதிப்பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. தேதி மட்டும்தான் தெரியும்.

எனவே, பிள்ளையோ பேரனோ பட்டாளத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை. சம்பளம் விழும் கணக்கிலிருந்தே தவணை தானாகப் போகட்டும். கணக்கை மாற்றினால் முதலில் தவணையை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தவணைக்கான பணம் எப்போதும் அதில் இருக்கட்டும். வங்கிக் கடிதம் வந்தால் அன்றே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் யோசிக்கட்டும், அவன் கட்டாவிட்டால் இவன் பெயரிலும் கறை விழும். கடன் மதிப்பு நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விடுமுறையில் வரும்போது அதை வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. முதல் வருஷம் மாதச் சம்பளம் 30,000 என்றாலும் கைக்கு வருவது 21,000. பணி 4 வருஷம். அதற்குமேல் நீளும் கடனை வாங்கினால், சீருடையைக் கழற்றிய பிறகும் தவணை நிற்காது. சின்னக் கடனாக வாங்கி, பணியில் இருக்கும்போதே முடித்துவிட்டால், வெளியே வரும்போது நல்ல பெயரும் கூட வரும்.

கோடு போடச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். அவர் கணவர் ஓய்வுபெற்று ஊர் வந்தபோது, அதே கடைக்காரர்தான் வீடு கட்ட அவருக்கு முன்பணம் கொடுத்தார். பத்திரம் எதுவும் கேட்கவில்லை.