சாலவாக்கத்து ஏரியும் கண்ணாடித் தொட்டித் தவளையும்

மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் போவார்கள். காஞ்சிக்குப் பட்டெடுக்கப் போவார்கள். சாலவாக்கத்துக்கு யாராவது போவதுண்டா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள அந்த ஊரில் என்ன இருக்கிறது? வயல் இருக்கிறது, ஜல்லி ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதி இருக்கிறது, ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்காகத்தான் உங்களை அழைக்கிறேன்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை 'ஏரி ஜில்லா' என்றே பெரியவர்கள் சொல்வார்கள். ஏரியைப் பேணுவது இந்தப் பக்கத்தாருக்குப் பரம்பரை வித்தை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன அல்லவா? 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் அவற்றில் இருக்கிறது. அந்தக் குழுக்களில் ஒன்றின் பெயரே ஏரி வாரியம்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிய பிறகு போங்கள். கரையோரத்துத் தண்ணீரைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பாசிக்கு நடுவே இரண்டு கண்கள் தெரியும். உடம்பெல்லாம் தண்ணீருக்குள், கண்கள் மட்டும் வெளியே. நீங்கள் ஓரடி எடுத்து வைத்தீர்களோ இல்லையோ, அது நீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடி மறையும். சிறு வயதில் குளத்தில் ஓட்டுச் சில்லு வீசி விளையாடியிருப்பீர்களே, அதே மாதிரிதான்! இந்தத் தவளை கரையேறுவது குறைவு. ஆனாலும் அடியோடு நீர்வாசி என்று சொல்வதற்கில்லை.

கரைக்கே வராமல் ஆயுள் முழுவதும் நீரிலேயே குடித்தனம் நடத்தும் தவளை ஆப்பிரிக்காவில் உண்டு. வண்ணமீன் கடைக்குப் போகிறவர்கள், மீனோடு மீனாக அதையும் வாங்கி வருவதுண்டு. குழந்தை கேட்டால் மறுக்க முடிகிறதா?

வாங்குமுன் அதன் முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தால் அது குள்ளத் தவளை. கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வளராது. சவ்வு இல்லாமல் விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை. அது உள்ளங்கை அகலம் வளரும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். தொட்டியில் உள்ள மீன்களையும் பலகாரம் பண்ணிவிடும். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் மாற்றி விற்றுவிடுவது சகஜம்.

தண்ணீரில் வாழ்ந்தாலும் இவை சுவாசிப்பது நுரையீரலால்தான். அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். ஆகையால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூடியும் அவசியம், குதித்து வெளியே விழுந்தால் உடம்பு காய்ந்து உயிர் போய்விடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதற்கென்று விற்கும் மருந்தைக் கலந்து ஊற்றுங்கள். வாயில் நுழையக்கூடிய சிறு கூழாங்கற்களும் வேண்டாம், ஆகாரத்தோடு விழுங்கிவிடும். இந்தத் தவளைகளுக்கு நாக்கே கிடையாது! மோப்பத்தால் இரையைக் கண்டுபிடித்து, கைகளால் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் உறைந்த புழுக்களைக் கரைத்து மூக்கருகே போடுங்கள். சோற்றுப் பருக்கையை ஏறெடுத்தும் பார்க்காது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, குள்ளத் தவளைத் தொட்டிகளிலிருந்து பரவிய சால்மோனெல்லா கிருமியால் பலர் வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தொட்டியைச் சமையலறைத் தொட்டிமுற்றத்தில் கழுவ வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

சங்கடம் எப்போது வருகிறது தெரியுமா? நகத் தவளை பெரிதாகி, மீனையெல்லாம் தின்று தீர்த்து, குழந்தைக்கும் சலித்துப் போனபிறகு! "பாவம், ஏதாவது ஏரியில் விட்டுவிட்டு வந்துவிடுங்களேன்" என்று நாமே இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவோம். அந்த இரக்கத்தால் பட்ட பாட்டை மற்ற நாடுகள் அறியும்.

ஒரு காலத்தில் பெண்கள் கருவுற்றிருப்பதை அறிய இந்தத் தவளையைத்தான் பயன்படுத்தினார்கள். 1930களில் லான்ஸ்லட் ஹாக்பென் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த முறை அது. பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்கு ஊசியால் ஏற்றினால், கரு இருக்கும் பட்சத்தில் ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். அதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. சோதனைக்கு வேறு வழிகள் வந்தபின்னும் ஆராய்ச்சிக்கும் அலங்காரத் தொட்டிக்கும் பயணம் தொடர்ந்தது. தப்பியவையும் விடப்பட்டவையும் கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. இதைவிடக் கொடியது தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை. நகத் தவளை அதைச் சுமந்துகொண்டு நோகாமல் இருக்கும். மற்றத் தவளைகளோ செத்து விழும்.

நம் தவளையும் சாமானியமல்ல. நம் ஊர்ப் பெருந்தவளை அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சிற்றுயிர்களைப் படாதபாடு படுத்துகிறது!

ஆகவே தவளை வேண்டாமென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அல்லது நன்றாக வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரைக்கூடக் கால்வாயில் கொட்டாமல், மாடியில் உள்ள பூந்தொட்டிகளுக்கு ஊற்றிவிடுங்கள். சாலவாக்கத்துக்குக் கிளம்பும் நாளில் குழந்தையின் பையையும் ஒரு முறை திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்த பாட்டில் எதுவும் நெளியாமல் இருக்கிறதா என்று!