தாம்போதியில் விழுந்த வில்லை

கமராவைக் கையிலெடுத்தவர் எவரும் ஒருநாள் அதனைக் கீழே போடாமல் தப்பியதில்லை என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. எமக்கு அந்த நாள் 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வாய்த்தது. கீழே போட்டது மட்டுமே கதையாயின் அதனை எழுதியிருக்கமாட்டோம். போட்டபின் நாம் பேசிய பேச்சே இன்றும் உறுத்துகின்றது.

நாம் கல்லூரியொன்றிற் பௌதிகவியல் கற்பித்து வருகின்றோம். அங்குள்ள ஒளிப்படக் கழகமும் எமது பொறுப்பிலேயே நடைபெறுகின்றது. கழகத்தின் ஆஸ்தி பெரிதன்று. பழைய கமரா ஒன்று, சற்றே புதிய கமரா ஒன்று, முக்காலிகள் இரண்டு. இவற்றோடு, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் பணஞ் சேர்த்துத் தொலைவில்லை ஒன்றினை வாங்கி அனுப்பியிருந்தனர். 600 மில்லிமீற்றர் குவியத்தூரம் வரை எட்டும் அவ்வில்லையின் நிறை ஏறக்குறைய 2 கிலோகிராம். அது வந்து சேர்ந்த அன்று, பிறந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் போல மாணவர் அதனைச் சூழ்ந்து நின்றனர். எம்மைத் தவிர வேறெவரும் அதனைத் தூக்கலாகாது என்று அன்றே ஒரு சட்டமும் இயற்றினோம்.

வில்லையைச் சோதிக்க மன்னாருக்குப் போவதென்று முடிவாயிற்று. 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார் செல்வது எளிதாகிவிட்டது. பதினொரு மாணவரும் நாமுமாக ஒரு வானில் விடியுமுன் புறப்பட்டோம். மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை அடைந்தபோது சூரியன் ஒரு பனையளவு உயர்ந்திருந்தது. அப்பகுதியே வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் இராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. முழங்காலளவு உப்புநீர் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அதில் ஊசிவால் வாத்துக்களும், அவற்றுக்கப்பால், நாம் தேடி வந்த பூநாரைகளும் நின்றன.

பூநாரை இரை தேடுவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். தலையை நீருக்குட் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும். நிற்கும்போது வெளிறித் தோன்றும் அப்பறவை சிறகு விரித்தாற்றான் உள்ளிருக்கும் செந்நிறமும் கருநிறமும் வெளிப்படும். எழும்புமுன் நீரின்மேற் சில அடிகள் ஓடியே எழும்பும். அந்த ஓட்டத்தைப் படம்பிடிப்பதே எமது ஆசை.

வீதியோரக் கல்லணைமேல் முக்காலியை நிறுத்தினோம். முக்காலியின் தலையில், வில்லையின் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி ஒன்று உண்டு. அதை இறுக்க ஒரு திருகு. வில்லையும் கமராவும் சேர்ந்த தொகுதியின் ஈர்ப்பு மையம் முக்காலித் தலைக்கு நேர் மேலே வரவேண்டும். வராவிடில் முன்பாரம் இழுக்கும். வாத்தியார்ப் புத்தி எங்கே போனாலும் கூடவே வருமல்லவா? இதனை ஒரு பாடமாகவே விளக்கிக்கொண்டு வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினோம். அப்பொழுது யாரோ, "சேர், எழும்புது!" என்று கத்தினார்கள். திரும்பினோம். வானமே சிவந்தாற்போல நூற்றுக்கணக்கான பறவைகள் ஒன்றாக ஓடி எழுந்தன. வாயைத் திறந்தபடி நின்றோமேயன்றிக் கமராவின் நினைவே எமக்கில்லை.

பின்னாற் 'சடார்' என்றொரு சத்தம்.

கமரா கல்லணையில் மோதி உருண்டு உப்புநீருக்குட் கிடந்தது. முக்காலிக்கு அருகில், கைகளை முன்னே நீட்டியபடி, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தோம், வேறெதனையும் பார்க்கவில்லை.

"தம்பி, காலைப் பாத்து வைக்கத் தெரியாதோ?"

"நான் தட்டேல்லை, சேர்."

"தட்டினதும் காணாதெண்டு பொய்யும் சொல்லுறாய்!"

இன்னும் பேசினோம். பழைய மாணவர் வியர்வை சிந்தி உழைத்த பணம் என்றோம். பொறுப்பில்லாத பிள்ளை என்றோம். பத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவனோ மறுமொழி பேசாமல் நீரில் இறங்கிக் கமராவை எடுத்து, முதல் வேலையாக மின்கலத்தைக் கழற்றினான். பின்னர் நினைவட்டையையும் கழற்றித் தன் சட்டையில் துடைத்தான். அந்த வேளையிற் செய்யவேண்டியது அது ஒன்றே. உப்புநீர் மின்னைக் கடத்தும். மின்கலம் உள்ளே இருந்தால் சுற்றுக்களிலுள்ள செம்பை மின்பகுப்பு விரைந்து அரித்துவிடும். பாடம் படிப்பித்தவர் ஏசிக்கொண்டு நிற்க, படித்தவன் அதனைச் செய்துகொண்டிருந்தான்.

வானிற் திரும்பும்போது, அரிசிக்குள் புதைத்து வைத்தாற் சரிவரும் என்றார் சாரதி. அரிசி ஈரத்தை வேண்டுமானால் சிறிது வாங்கும், உப்பை வாங்காது. நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்புத்தான் எமன். அதனை அவருக்கு விளக்கும் மனநிலையில் நாம் இருக்கவில்லை. வில்லையின் முன்மறைப்பு சிதறியிருந்தது. காப்புக்கண்ணாடி வெடித்து அதன் வளையம் நெளிந்து இறுகியிருந்தது. பின்வரிசையில் அவன் யன்னலோரம் இருந்தான். அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை.

கொழும்பிலுள்ள திருத்துநர் ஒருவரிடம் இரண்டையும் அனுப்பினோம். கமரா போனது போனதுதான் என்றார். வில்லையைத் திருத்தலாம், ஆயினும் உள்ளே ஒரு கண்ணாடி அச்சிலிருந்து விலகியிருப்பதால் பழைய தெளிவு முழுவதும் வராது என்றார். கூலி எமது அரைமாதச் சம்பளம்.

கழகம் வியாழக்கிழமைகளிற் கூடும். அடுத்த வியாழன் அவன் வரவில்லை. நல்லது, வெட்கப்படட்டும் என்று எண்ணினோம். அந்தக் கூட்டம் முடிந்து நாம் புறப்படுகையில் மாணவி ஒருத்தி, சுவர்ச் சஞ்சிகைக்கு உதவுமென்று தன் கைத்தொலைபேசியிற் பிடித்த காணொளியைக் கொணர்ந்து காட்டினாள். பூநாரைகள் எழுந்த காட்சி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் காட்சியின் ஓரத்தில் நாமும் இருந்தோம். ஒரு கையாற் கவ்வியின் திருகைத் தளர்த்துகிறோம், வில்லையைப் பின்னே நகர்த்துகிறோம், குரல் கேட்கிறது, திருகை அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறோம். காற்றொன்று வீச, வில்லை மெல்ல வழுக்குகிறது. நாலைந்து அடி தள்ளி நின்ற பையன் அதனைக் கண்டு, கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவருகிறான். எட்டவில்லை.

"இன்னொருக்காப் போடவோ, சேர்?" என்றாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வேண்டாம் என்றோம்.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். தகப்பனார் தோளிற் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். வாத்தியார் வீடு தேடி வந்தால் ஏதோ முறைப்பாடு என்றுதானே எவரும் எண்ணுவர். அவர் மகனை அதட்டத் தொடங்குமுன் நாம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம். எழுத்தில் இலகுவாயிருக்கும் அந்த இரண்டு வாக்கியங்கள் அன்று தொண்டையிற் சிக்கிக்கொண்டன. தாயார் தேநீர் கொண்டுவந்தார். பையன் நிலத்தைப் பார்த்தபடி நின்று, "அது பரவாயில்லை, சேர். வில்லை சரிவருமாமோ?" என்று கேட்டான்.

ஏசியது பத்துப்பேர் முன்னிலையில் என்பதால், மன்னிப்பையும் அவர்கள் முன்னிலையிற் கேட்டோம். பழைய மாணவருக்கு எழுதிய கடிதத்தில், முதலில் எழுதியிருந்த 'எதிர்பாராத விபத்து' என்பதை வெட்டிவிட்டுத் திருகை நாம் இறுக்கவில்லை என்று எழுதினோம். கூலியையும் நாமே கொடுத்தோம். அதனையிட்டு வீட்டில் ஒரு வாரம் கதை நடந்தது. அது இங்கு வேண்டாம்.

அதற்கடுத்த வியாழனும் அவன் வரவில்லை. மூன்றாம் வியாழன் வந்தான். வில்லை திரும்பி வந்ததும் எமது பழைய சட்டத்தை நீக்கி, அதனை அவன் கையிற் கொடுத்தோம். பழைய கமராவிற் பூட்டி, மைதானத்து வேம்பிலிருந்த காகத்தைப் பலமுறை படமெடுத்துப் பார்த்தான். படத்தின் இடப்புறம் மங்கலாகவும் வலப்புறம் தெளிவாகவும் வருவதைக் கண்டுபிடித்தவன் அவனே. அதன்பின் எமது சுவர்ச் சஞ்சிகையில் வெளியான படங்களிலெல்லாம் பறவைகள் வலப்பக்கத்திலேயே நிற்கின்றன.